ஊ தாண்ட்: உலகுக்கு உதவியவரும் உதவி எட்டாத அவர் தாய்நாடும்



போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளிடம், ஐக்கிய நாடுகள் சபையின் முதல் ஆசியப் பொதுச்செயலாளர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பர்மாவின் ஊ தாண்ட் என்று யோசிக்காமல் சொல்வார்கள். நானும் கல்லூரியில் வரலாறு படித்தபோது அவரை அந்த ஒரு மதிப்பெண் விடையாகத்தான் அறிந்திருந்தேன். அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தது பிறகுதான். 2021 பிப்ரவரி 1-ம் தேதி மியான்மரில் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. இத்தனை அநியாயம் நடக்கிறதே, ஐ.நா. என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஜமாஅத்தில் ஓர் இளைஞர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்த நாட்டிலேயே பிறந்து, பத்தாண்டுகள் ஐ.நா.வின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்த இந்த மனிதரின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நம் தளத்தில் ஒரு பௌத்தரின் வரலாறு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மக்காவில் ஏமன் நாட்டு வணிகர் ஒருவரின் பொருளை வாங்கிக்கொண்டு, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் பணம் தர மறுத்தபோது, அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் குலத் தலைவர்கள் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவருக்குத் துணை நிற்போம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் அந்த ஒப்பந்தத்தில் இளைஞராக இருந்த நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் பங்கு கொண்டார்கள். நபித்துவம் கிடைத்த பின்னரும் அதை உயர்வாகவே நினைவுகூர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பது நமக்குத் தெரியும். நியாயத்துக்காக உழைத்தவரின் வரலாற்றைப் படிக்க அதுவே போதிய காரணம்.

பாண்டனாவ் ஊரின் ஆசிரியர்

1909 ஜனவரி 22 அன்று ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள பாண்டனாவ் என்னும் சிற்றூரில் தாண்ட் பிறந்தார். 'ஊ' என்பது பெயரின் பகுதியல்ல. நம் ஊரில் 'திரு' என்பதுபோல பர்மியர் பெரியவர்களுக்குச் சேர்க்கும் மரியாதைச் சொல் அது. தந்தை போ நிட் நெல், அரிசி வணிகமும் நிலபுலனும் உள்ளவர். வீட்டில் நூலகமே வைத்திருந்த வாசகர். நான்கு ஆண் பிள்ளைகளில் மூத்தவர் தாண்ட்.

அவருக்குப் பதினான்கு வயதிருக்கும்போது தந்தை இறந்துவிட்டார். சொத்து வழக்கில் குடும்பம் நொடித்தது. ரங்கூன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை படிக்க வசதியில்லாமல், இரண்டாண்டு ஆசிரியர் சான்றிதழ்ப் படிப்போடு 1928-ல் ஊர் திரும்பினார். பாண்டனாவ் தேசியப் பள்ளியில் ஆசிரியரானார். அகில பர்மா ஆசிரியர் தேர்வில் முதலிடம் பெற்று, 25 வயதிலேயே தலைமையாசிரியர் ஆனார். ரங்கூனில் அவருக்கு நண்பரான நூ அதே பள்ளிக்கு மேற்பார்வையாளராக வந்தார். பின்னாளில் சுதந்திர பர்மாவின் பிரதமரான ஊ நூ இவர்தான். இருவருடைய நட்பும் இந்த வரலாறு முழுவதும் உடன் வரும்.

கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, அன்றைய சர்வதேச சங்கத்தைப் பற்றி பர்மிய மொழியில் புத்தகம் எழுதினார் தாண்ட். ஆங்கிலேயர் ஆட்சியில் அடங்கிக் கிடந்த ஒரு நாட்டின் சிற்றூரில் இருந்துகொண்டு, நாடுகளெல்லாம் ஒரே இடத்தில் கூடி நியாயம் பேச முடியும் என்று நம்பியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்து பள்ளிகளில் ஜப்பானிய மொழியைக் கட்டாயமாக்கியபோது அந்த ஆணைக்குப் பணிய மறுத்தார்.

சுதந்திரமும் உள்நாட்டுப் போரும்

பர்மாவின் விடுதலைக்கு முஸ்லிம்களின் பங்கு சிறிதல்ல. 1936-ல் ரங்கூன் பல்கலைக்கழகத்தை உலுக்கிய மாணவர் வேலைநிறுத்தத்தை நடத்தியவர்களில் நூ, ஆங் சான் ஆகியோருடன் எம்.ஏ. ரஷீதும் ஒருவர். 1947 ஜூலை 19 அன்று அமைச்சரவைக் கூட்டத்தில் புகுந்து ஆங் சானைச் சுட்டுக்கொன்றபோது, உடன் கொல்லப்பட்ட அமைச்சர்களில் ஊ ரஸாக் ஒருவர். மண்டலேயில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர் அவர்.

1948 ஜனவரி 4 அன்று நாடு சுதந்திரம் பெற்றது. பிரதமரான நூ, தம் பழைய நண்பரை அழைத்துக்கொண்டார். ஒலிபரப்புத் துறை இயக்குநர், செய்தித் துறைச் செயலாளர், பிரதமரின் செயலாளர் என்று தாண்டின் பொறுப்புகள் வளர்ந்தன. ஆனால் சுதந்திரத்தோடு உள்நாட்டுப் போரும் வந்துவிட்டது. கரென் இனக் கிளர்ச்சியாளர்களின் முகாமுக்கே உயிரைப் பணயம் வைத்துச் சென்று சமாதானம் பேசினார் தாண்ட். பேச்சு முறிந்தது. 1949-ல் கிளர்ச்சிப் படை பாண்டனாவை எரித்தபோது அவருடைய வீடும் சாம்பலானது. வீடு போனவர்களின் வலி என்னவென்று தம் சொந்த வீடு எரிந்தபோதே அறிந்துகொண்டவர் அவர்.

1955-ல் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய மாநாட்டின் செயலாளராக அவர் பணியாற்றினார். 1957-ல் ஐ.நா.வுக்கு பர்மாவின் நிரந்தரப் பிரதிநிதியாக நியூயார்க் சென்றார். அல்ஜீரிய முஸ்லிம்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆண்டுகள் அவை. அல்ஜீரியாவின் விடுதலைக்கான பேச்சுகளில் தாண்ட் முனைப்பாகப் பங்கேற்றார்.

விமான விபத்தும் கிடைத்த நாற்காலியும்

1961 செப்டம்பர் 18 அன்று பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷீல்டு ஆப்பிரிக்காவில் விமானம் நொறுங்கி இறந்தார். காங்கோ நாட்டில் போர் நிறுத்தம் பேசப் போன பயணம் அது. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவர் முன்வைத்த ஆளை மற்றவர் ஏற்காத காலத்தில், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பெயர் தாண்ட். 1961 நவம்பர் 3 அன்று தற்காலிகப் பொதுச்செயலாளரானார். 1962 நவம்பரில் பதவி உறுதியாயிற்று. 1971 டிசம்பர் 31 வரை அதில் இருந்தார்.

அவர் கைக்கு வந்த முதல் பெரும் பொறுப்பே இராணுவம் கவிழ்த்த ஒரு நாட்டைத் தூக்கி நிறுத்துவதுதான். 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற காங்கோவில் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சில நாட்களில் இராணுவம் கலகம் செய்தது. கனிமவளம் மிகுந்த கட்டங்கா மாகாணம் பிரிந்துபோவதாக அறிவித்தது. செப்டம்பரில் மொபுட்டு என்னும் இராணுவ அதிகாரி ஆட்சியைக் கைப்பற்றினார். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமர் லுமும்பா 1961 ஜனவரி 17 அன்று கொல்லப்பட்டார்.

ஐ.நா. அங்கே அனுப்பிய படை உச்சக்கட்டத்தில் 20,000 பேரை நெருங்கியது. நம் இந்தியப் படைப்பிரிவும் அதில் முக்கியமானது. 1961 டிசம்பர் 5 அன்று அங்கே வீரமரணமடைந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டும் போகவில்லை. மருத்துவர்கள், ஆசிரியர்கள், தந்தி, தபால் ஊழியர்கள், வங்கி அதிகாரிகள் எனப் பல நாட்டவரும் போய், நின்றுபோன நிர்வாகத்தை ஓட்டினார்கள். பஞ்சம் பிடித்த பகுதிகளுக்கு உணவு போனது. 1963 ஜனவரியில் கட்டங்கா பிரிவினை முடிவுக்கு வந்தது.

இதற்குக் கொடுத்த விலையும் அதிகம். பிரான்சும் சோவியத் ரஷ்யாவும் செலவில் பங்கு தர மறுத்தன. ஐ.நா. 20 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடும் நிலைக்குப் போனது. 1964 ஜூன் 30 அன்று படை திரும்பியது. அடுத்த ஆண்டு நவம்பரில் மொபுட்டு மறுபடி ஆட்சியைப் பிடித்து 1997 வரை விடவில்லை. வெளியிலிருந்து வரும் உதவி பசியைத் தணிக்கும், ஒரு நாடு துண்டாவதைக்கூடத் தடுக்கும். ஆட்சிக்கு நேர்மையான ஆட்களை அது உண்டாக்கித் தராது. தாண்ட் படித்த முதல் பாடம் இது.

1962: சொந்த வீட்டில் தீ

காங்கோவில் இவர் போராடிக்கொண்டிருக்கும்போதே, 1962 மார்ச் 2 அதிகாலை பர்மாவில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். பிரதமர் ஊ நூ கைதானார். வழக்கோ விசாரணையோ இல்லாமல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டார். அவருடைய அமைச்சரவையில் இருந்த ரஷீதும் சிறைப்பட்டார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் மாணவர் சங்கக் கட்டடத்தை இராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது.

உலகத்தின் மனசாட்சி என்று எல்லோரும் அழைத்த நாற்காலியில் இருந்தவர் என்ன செய்தார்? வெளிப்படையாக எதுவும் செய்யவில்லை. செய்ய முடியவில்லை என்பதே சரி. பொதுச்செயலாளர் எந்த அரசின் ஆளாகவும் நடந்துகொள்ளக் கூடாது என்கிறது ஐ.நா. சாசனத்தின் 100-வது பிரிவு. நாடுகளின் உள்விவகாரத்தில் சபை தலையிடக் கூடாது என்கிறது 2-வது பிரிவின் ஏழாம் உட்பிரிவு. இரண்டு பூட்டுகளும் ஒரே கதவில் விழுந்தன. உயிர் நண்பர் சிறையில் இருக்க, மற்ற நாடுகளின் சண்டையைத் தீர்ப்பதே அவருடைய வேலையாக இருந்தது. அதே 1962 மே மாதம் ரங்கூனுக்குப் போயிருந்த அவருடைய மகன் பேருந்திலிருந்து விழுந்து இறந்தார். அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. அணுகுண்டுப் போரின் விளிம்பில் நின்ற கென்னடிக்கும் குருஷேவுக்கும் இடையே கடிதங்களால் பாலம் போட்டு, இருவரும் இறங்கிவர வழி செய்தவர்களில் அவர் முக்கியமானவர்.

கப்பலில் வந்த நம் மக்கள்

அந்தப் பூட்டிய கதவுக்கு உள்ளே நம்மவர்களும் இருந்தார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. எங்கள் குமாரலிங்கபுரம் பக்கம் கண்மாய் நிறைந்தால் வெள்ளாமை, நிறையாவிட்டால் பயணம். அந்தக் காலத்தில் பழைய இராமநாதபுரம் சீமையிலிருந்து புறப்பட்டவர்களுக்கு ரங்கூன் அடுத்த தெரு மாதிரி. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். உழைப்பாளிகள் நெல் வயலுக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போனார்கள். நம் முஸ்லிம்கள் கடைகள் நடத்தினார்கள். ரங்கூனின் சோழியா பள்ளிவாசல் இன்றும் தமிழ் முஸ்லிம்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1963-ல் வங்கிகளும் 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரே ஆண்டில் கடையும் போய், கல்லாவில் இருந்த பணமும் காகிதமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்திய வம்சாவளியினர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். இந்திய அரசு கப்பல்கள் அனுப்பியது. தமிழ்நாட்டுக்கு மட்டும் சுமார் 1,44,000 பேர் வந்து இறங்கியதாக அரசுக் கணக்கு. சென்னை வியாசர்பாடியிலும் பிற ஊர்களிலும் குடியேற்றங்கள் உருவாயின. பாரிமுனை அருகே பர்மா பஜார் முளைத்தது. நிலவழியாகத் திரும்பிப் போக முயன்று எல்லையில் தடைபட்டவர்கள் மணிப்பூரின் மோரே நகரில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ் பேசுகிறார்கள்.

என் சிறுவயதில் எங்கள் வட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளிவாசல் ஒன்றில், அஸர் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளெல்லாம் அவரை 'ரங்கூன் பாட்டையா' என்போம். தகரப் பெட்டிக்குள் துணியில் சுற்றிய பழைய கியாட் நோட்டுகள் வைத்திருந்தார். எண்ணிப் பார்த்து மறுபடி சுற்றி வைப்பார். ஏன் பாட்டையா, இது செல்லாதே என்று கேட்டால் கோபிக்க மாட்டார், சிரிப்பார். அந்தக் காகிதம் தமக்கு அங்கே ஒரு கடை இருந்தது என்பதற்கான சாட்சி என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஒரு சர்வதேச மன்றமும் அவருடைய முறையீட்டைக் கேட்டதில்லை. கேட்பதற்கு அன்று வழியே இல்லை.

வழி இல்லாத இடத்தில் வழி

தாண்டின் பத்தாண்டுகளில் நடந்த வேறொரு வேலை இங்கேதான் முக்கியமாகிறது. 1948-ல் வெளியான மனித உரிமைப் பிரகடனம் நல்ல வாக்குறுதிதான். ஆனால் எந்த அரசையும் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. 1965 டிசம்பரில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கையும், 1966 டிசம்பர் 16 அன்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கும் பொருளாதார, சமூக உரிமைகளுக்குமான இரண்டு உடன்படிக்கைகளும் பொதுச்சபையில் நிறைவேறின. 1970 மே மாதம் பொருளாதார, சமூக மன்றத்தின் 1503-ம் தீர்மானம் வந்தது. தொடர்ந்து மோசமான உரிமை மீறல் நடக்கும் நாட்டைப் பற்றி மக்கள் அனுப்பும் முறையீடுகளை ஆராய ஒரு நிலையான நடைமுறையை அது ஏற்படுத்தியது. விசாரணை இரகசியமாக நடந்தது, மெதுவாக நகர்ந்தது. இருந்தாலும் கடிதம் போடுவதற்கு ஒரு முகவரி கிடைத்தது. இவையெல்லாம் தாண்ட் ஒருவரின் சாதனை அல்ல, பல நாடுகள் கூடிச் செய்தவை. அவர் காலத்தில் ஐ.நா.வில் சேர்ந்த புதிய ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் குரல் இதற்குப் பெரிதும் உதவியது.

அவர்மீது நியாயமான குறைகளும் உண்டு. 1967 மே மாதம் எகிப்து கேட்டுக்கொண்டதும் சினாய், காஸா பகுதியிலிருந்து ஐ.நா. படையைத் திரும்பப் பெற்றார். அடுத்த மாதமே போர் மூண்டு, பைத்துல் முகத்தஸ் உட்பட பெரும் நிலப்பரப்பு இஸ்ரேல் வசமானது. படையை அவர் இன்னும் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கலாம் என்று பலர் குற்றம் சொன்னார்கள். இடம் கொடுத்த நாட்டின் சம்மதம் போனபின் படை அங்கே நிற்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. அந்தப் படையைத் தன் பக்கத்து எல்லையில் நிறுத்திக்கொள்ள இஸ்ரேல் மறுத்துவிட்டது என்பதையும் குறை சொல்பவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நைஜீரியாவில் 1966-ல் இரண்டு முறை இராணுவக் கவிழ்ப்பு நடந்தது. அடுத்த ஆண்டு பயாஃப்ரா போர் மூண்டு, 1970 ஜனவரி வரை நீடித்தது. பட்டினியால் குழந்தைகள் இறந்தார்கள். தாண்ட் அதை ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் பொறுப்பில் விட்டுவிட்டு, நிவாரணப் பணிக்குத் தம் பிரதிநிதி ஒருவரை அனுப்பியதோடு நின்றார். அரசின் சம்மதம் இல்லாமல் உதவி போகாது என்ற விதி அங்கே உயிர்களைக் குடித்தது.

1971-ல் அவர் அந்த விதியை வளைத்துப் பார்த்தார். பாகிஸ்தானில் அப்போது யஹ்யா கானின் இராணுவ ஆட்சி. 1970 டிசம்பர் தேர்தலில் வென்ற கிழக்கு வங்காளத் தலைவர்களிடம் ஆட்சியை ஒப்படைக்காமல், மார்ச் 25 இரவு இராணுவம் மக்கள்மீது பாய்ந்தது. முஸ்லிமின் கையால் முஸ்லிமின் இரத்தமும், அண்டை வீட்டு இந்துவின் இரத்தமும் ஓடியது. சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். தாண்ட் மே மாதம் உலக நாடுகளிடம் நிதி கேட்டு வேண்டுகோள் விடுத்தார். சத்ருதீன் ஆகா கான் தலைமையிலான அகதிகள் ஆணையத்தை ஒருங்கிணைப்பாளராக்கினார். டாக்காவுக்குள்ளும் ஒரு நிவாரணப் பிரிவைக் கொண்டுபோனார். ஜூலையில் பாதுகாப்புச் சபைத் தலைவருக்கு எழுதி, இது நிவாரணத்தோடு முடிகிற விஷயம் அல்ல என்று எச்சரித்தார். ஷேக் முஜிபுர் ரஹ்மான் மீது இரகசிய விசாரணை தொடங்கியபோது வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். பாதுகாப்புச் சபை அசையவில்லை. டிசம்பரில் போரே வந்தது. ஆனாலும் அந்த உணவும் மருந்தும் கூடாரமும் எத்தனையோ உயிர்களைக் காத்தன.

சவப்பெட்டியும் மாணவர்களும்

விடுதலையான பிறகு 1969-ல் வெளிநாடு சென்ற ஊ நூ, நியூயார்க்கில் ஐ.நா. கட்டடத்திலேயே செய்தியாளர்களைச் சந்தித்து நே வின் ஆட்சிக்கு எதிராகப் போராட்டம் அறிவித்தார். தாண்ட் அப்போது ஊரில் இல்லை. என்றாலும் பழைய நண்பர்கள் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று நே வின் நம்பினார். அன்று முதல் தாண்ட் சொந்த அரசுக்குப் பகையானார்.

ஓய்வு பெற்ற பிறகு நியூயார்க் அருகிலேயே தங்கி நினைவுக் குறிப்புகள் எழுதினார். 1974 நவம்பர் 25 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். உடல் டிசம்பர் 1 அன்று ரங்கூன் வந்தபோது அரச மரியாதை எதுவும் இல்லை. வரவேற்கப் போன கல்வித் துணை அமைச்சர் ஒருவரின் பதவியும் பறிபோனது. சாதாரண மயானத்தில் அடக்கம் செய்தால் போதும் என்றது அரசு.

டிசம்பர் 5 அன்று குதிரைப் பந்தய மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தத் திரண்டிருந்தபோது, மாணவர்கள் சவப்பெட்டியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1962-ல் இராணுவம் தகர்த்த மாணவர் சங்கக் கட்டடம் இருந்த அதே இடத்தில் தங்கள் கையால் ஒரு சமாதி எழுப்பி, 8-ம் தேதி அங்கே வைத்தார்கள். 11-ம் தேதி அதிகாலை இராணுவம் வளாகத்துக்குள் புகுந்தது. மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்கும் மக்கள் சொல்லும் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நகரில் கலவரம் வெடித்து இராணுவச் சட்டம் வந்தது. ஷ்வேடகோன் பகோடாவின் அடிவாரத்தில் தாண்டின் உடலை அடக்கம் செய்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் தம் நாட்டைப் பற்றிப் பேச முடியாமல் இருந்தவர், இறந்தபின் அந்த நாட்டு இளைஞர்களைப் பேசவைத்தார். 1988-ல் நாடு முழுவதும் எழுந்த கிளர்ச்சிக்கு முன்னோடியாக அந்த 1974 டிசம்பரைப் பலர் குறிப்பிடுகிறார்கள்.

அன்றும் இன்றும்

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். 1962-ல் பர்மா மக்களுக்காக வெளியில் எந்த ஏற்பாடும் இல்லை. 1992-ல் மியான்மருக்கென மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் நியமிக்கப்பட்டார். 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டபோது, குற்றங்களுக்கான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க 2018-ல் ஐ.நா. மனித உரிமை மன்றம் தனி விசாரணை அமைப்பை உருவாக்கியது. 2019-ல் காம்பியா என்னும் சின்னஞ்சிறு ஆப்பிரிக்க நாடு, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஆதரவோடு, மியான்மர்மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2021-ல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த சில வாரங்களில், ஐ.நா.வில் மியான்மரின் பிரதிநிதியான சோ மோ துன் பொதுச்சபையிலேயே இராணுவத்துக்கு எதிராக எழுந்து நின்றார். அது ஒரு காலத்தில் தாண்ட் வகித்த பதவி. தாண்டுக்குக் கிடைக்காத அந்தக் குரலை இவர் பயன்படுத்திக்கொண்டார்.

இவற்றால் ஆட்சி மாறிவிடவில்லை. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்து கிடக்கிறார்கள். 2025 மார்ச் 28 அன்று, ரமளானின் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தில் மண்டலே, சகாயிங் பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. பள்ளிவாசல்கள் இடிந்து நூற்றுக்கணக்கான தொழுகையாளிகள் மாண்டார்கள். உள்நாட்டுப் போரால் அந்த நேரத்திலும் உதவி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. தாண்ட் முட்டிக்கொண்ட அதே சுவர்தான்.

ஆகவே என் பதில் இதுதான். ஐ.நா. ஒரு கிணறு. வாளியும் கயிறும் கொண்டுவர வேண்டியது நாடுகள். அவை மனம் வைத்தபோது காங்கோவுக்கு மருத்துவர் போனார், வங்கத்து அகதிக்குக் கூடாரம் கிடைத்தது. மனம் வைக்காதபோது பொதுச்செயலாளரின் சொந்த ஊருக்கே ஒரு சொட்டும் போகவில்லை. நாடுகளை மனம் வைக்கச் செய்வது மக்களின் வேலை.

அந்த வேலையில் நம் பங்கு சிறிதாக இருக்கலாம், இல்லாமல் இல்லை. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் ரோஹிங்கியா குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன. மிசோரம் மாநில மக்கள், வறுமையிலும், எல்லை தாண்டி வந்த பல்லாயிரம் பேருக்குத் தங்கள் ஊர்களிலும் தேவாலயங்களிலும் இடம் கொடுத்தார்கள். இரண்டு தலைமுறைக்கு முன் நம் பாட்டன்மார் கப்பலில் இறங்கியபோது சோறு போட்டது யாரோ முகம் தெரியாதவர்கள்தான் என்பதை நாம் மறக்கலாகாது. பெருநாள் ஸதகாவோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைச் சீட்டு, வழக்கறிஞர் உதவி ஆகியவற்றையும் ஜமாஅத்துகள் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பர்மாக் காலத்துக் கடைப் பத்திரமோ கப்பல் சீட்டோ பழைய நோட்டோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருக்கிற பெரியவர்களிடம் கேட்டு, எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். ரங்கூன் பாட்டையா மவுத்தான பிறகு அந்தத் தகரப் பெட்டி எங்கே போனதென்று நான் விசாரித்தேன். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் அன்றே உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்க வேண்டியவன் நான். அநீதி நடந்தது என்பதற்குச் சாட்சியம் இருக்கும்வரைதான் நியாயம் கேட்க ஒரு நாள் வரும். சர்வதேச விசாரணை அமைப்புகள் இன்று கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்வதும் அந்தத் தகரப் பெட்டியைப் பாதுகாக்கும் வேலையைத்தான்.

அநீதி இழைக்கப்பட்டவர்களின் துஆவுக்கும் தனக்கும் இடையே திரை வைக்காத வல்ல அல்லாஹ், மியான்மரின் எல்லா மக்களுக்கும் அச்சமற்ற வாழ்வைத் தந்தருள்வானாக. ஆமீன்.